மாமன் மடிக்கு டாக்டர் சாட்சி

கே.ஜி.கண்டிகை ஆட்டோ ஸ்டாண்டில் பிரேம்குமார் நாலோடு ஐந்தாக நிற்கிற ஆட்டோக்காரன். ஆனால் ரயிலேறி ஒரு மணி நேரம் போனால் வருகிற மருத்துவக் கல்லூரியில், தோல் பிரிவில், அவன் பெரிய மனிதன். அங்கே அவனுக்குப் பெயர் ‘கேஸ்’. “நல்ல கேஸ்” என்று பேராசிரியர் தமயந்தி மேடமே அவன் காதுபடச் சொல்லியிருக்கிறார். பெண் பார்க்கப் போன இடங்களில்கூட யாரும் அவனை நல்ல பையன் என்று சொன்னதில்லை. அதனால் அந்தப் பாராட்டை அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

அவனுக்கு இருந்தது சொரியாசிஸ். இரண்டு முழங்கையிலும் முட்டியிலும் காதோரத்திலும் சிவந்து தடித்த பட்டைகள், அவற்றின் மேல் வெள்ளை வெள்ளையாய்ச் செதில். வலி பெரிதாக இல்லை. அரிப்பு உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, பார்க்கிறவர்களின் கண்.

மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கும்போது நிஜ நோயாளி ஒருவரை எதிரில் உட்காரவைப்பார்கள். மாணவர் அவரிடம் பேசி, உடம்பைப் பார்த்து, என்ன நோய் என்று பரீட்சை எடுக்க வந்தவரிடம் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக அந்த நாற்காலி பிரேம்குமாருக்குத்தான். முழி பிதுங்க நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் அவன் மனசு கேட்காது. “எத்தனை நாளா இருக்கு?” என்று ஒருவன் கேட்டால் போதும். “ஏழு வருஷமா சார். பனிக்காலத்துல ஏறும், வெயில்ல எறங்கும். எங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு. தொட்டா யாருக்கும் ஒட்டாது” என்று நாலு கேள்விக்கான பதிலை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான். நகத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க மறந்துபோகிறவர்கள் உண்டு. அவர்கள் எதிரே நகம் தெரிகிற மாதிரி மூக்கைச் சொறிந்து காட்டுவான். அப்படியும் புரியாதவர்களுக்குக் காதையும் சொறிவான். அவன் மூக்கால் பாஸானவர்கள் இன்று தமிழ்நாடு முழுக்க டாக்டராக இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அவனுக்குக் கிடைத்தது ஒரு பிரியாணிப் பொட்டலமும் வரிசையில் நிற்காமல் மாத்திரையும்தான். ஆனால் அவன் போனது அதற்காக அல்ல. அவன் முழங்கையை இன்னொரு மனிதர் தொடுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரில் கதையே வேறு. திருத்தணிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பின்னால் ஆறு பேர் நசுங்கிக்கொண்டு வருவார்கள், டிரைவர் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காற்று வாங்கும். “பரவால்லப்பா, நெருக்கிக்கினு வரோம்” என்பார்கள். அக்னி நட்சத்திரத்திலும் அவன் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வான். அதைப் பார்த்து, கலெக்டர் ஆபீசுக்கா போறே என்று கிண்டல் செய்கிறவர்கள்தான் பக்கத்தில் உட்காராதவர்களும்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட அவன் பழகியிருந்தான். அக்கா கல்பனாவின் போன் வந்த அன்றுதான் சிரிப்பு வரவில்லை.

கல்பனாவை அம்மையார்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வீட்டுக்காரன் கந்தன், பிரேம்குமாருக்குப் பாவா, நாலு விசைத்தறி ஓட்டுகிறவன். அவர்களுடைய பெண் அபிக்குப் பதினோராம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாலு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை திருத்தணி மலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. மொட்டையென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் பிரேம்குமார். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, காதுக்குத் தோடு, வெள்ளிக் கொலுசு எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“டேய் பிரேமு, அத்தை வேற மாதிரி சொல்லிக்கினு இருக்காங்கடா” என்றாள் கல்பனா. அழுதுகொண்டேதான் மீதியைச் சொல்லி முடித்தாள்.

கல்பனாவின் மாமியார் பூவம்மாள் சொன்னது இதுதான். சீர் பிரேம்குமார் கொண்டுவரட்டும், சந்தோஷம். மடியில் உட்காரவைத்துக்கொள்வது மட்டும் கல்பனாவின் சித்தப்பா மகன் ஸ்ரீதர் செய்யட்டும். அவனும் மாமன் முறைதானே? பச்சைப் பிள்ளை, மொட்டை அடிக்கும்போது தலையில் கீறல் விழும், அந்த நேரத்தில் இந்தத் தோல் பக்கத்தில் வேண்டாம்.

பூவம்மாள் கெட்டவள் இல்லை. பிரேம்குமார் வீட்டுக்கு வந்தால் முதலில் சாப்பாடு போடுவாள். தண்ணீர் மட்டும் பேப்பர் கப்பில் வரும். அவனுக்கென்றே ஐம்பது கப் அடங்கிய பாக்கெட் ஒன்று அலமாரியில் இருந்தது. பிள்ளையைக் கொடுக்கும்போது அவன் மடியில் ஒரு டர்க்கி டவலை விரித்துத்தான் கொடுப்பாள். கொஞ்சி முடித்ததும் டவல் வாளிக்குப் போகும். அவன் இதையெல்லாம் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. நேரே போய்க் கேட்டான்.

“அத்தை, ஒட்டாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

“நீ சொல்லுவப்பா. உன் ஒடம்பு, நீ சொல்லுவ. பெரிய டாக்டரு யாராச்சும் எம் முன்னால வந்து சொல்லட்டும். ஸ்ரீதரை நானே எழுப்பி வுட்டுடறேன்.”

பந்தயம் கட்டியதுபோல் ஆயிற்று. டாக்டருக்கா அவனுக்குப் பஞ்சம்?

தமயந்தி மேடத்திடம் சொன்னான். பக்கத்தில் நின்ற லோயிஸ், “நான் வரேண்ணா” என்று முந்திக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மூக்கைப் பார்த்துப் பாஸானவள், இப்போது அங்கேயே பயிற்சி டாக்டர். கெட்டிக்காரி. சொரியாசிஸைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியவளை ஆட்டோவில் ஏற்றி, தேர் ஓட்டுகிற பெருமையோடு அம்மையார்குப்பத்துக்கு ஓட்டிப் போனான் பிரேம்குமார்.

அந்த ஊரில் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள். காலையிலிருந்து இரவு வரை வீட்டுக்கு வீடு தறி அடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் பேசி என்ன பயன்? கந்தன் வீட்டிலும் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறி. லோயிஸும் தொண்டையைத் திறந்துதான் பேச வேண்டியிருந்தது. நன்றாகவே பேசினாள்.

“அம்மா, இது கிருமியால வர்றது இல்ல. தோலு வேகவேகமா வளர்ந்து செதிலா உதிருது, அவ்வளவுதான். பக்கத்துல உக்காந்தா வராது, சேர்ந்து சாப்பிட்டா வராது, தூக்கினா வராது. இதோ பாருங்க.” பிரேம்குமாரின் சட்டைக் கையை மேலேற்றி, முழங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள்.

பூவம்மாளின் முகம் இளகியது. கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவா கந்தன் தறிக்கூடத்து வாசலில் நின்று பல்லைக் காட்டினான். வாத்தியாரே எதிர்பார்க்காத மார்க்கை மாணவி வாங்கப்போகிறாள் என்று பிரேம்குமாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

லோயிஸ் அவன் கையை விட்டாள். பேசிக்கொண்டே பையைத் திறந்தாள். சின்ன சானிடைசர் பாட்டிலை எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.

அவளுக்கே அது தெரியவில்லை. பூவம்மாளுக்குத் தெரிந்தது.

“ஆங்” என்றாள் பூவம்மாள், நீளமாக. “ஒட்டாதுன்னியே கண்ணு. அப்ப எதுக்குக் கையைத் தொடச்சுக்கினே?”

லோயிஸ் தன் கையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். முகம் சிவந்து, “இல்லம்மா, இது... பழக்கம்” என்று இழுத்தாள்.

“எனக்கும் அதே பழக்கந்தான். உனக்குப் பாட்டிலு, எனக்கு டவலு.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று அது கறிச்சட்டியையும் உடைத்துவிட்டது. தறி மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தெரியாதவர்கள் ஒதுங்குவது பழகிப்போன விஷயம். எல்லாம் தெரிந்த பெண்ணின் கையும் தானாகப் பாட்டிலைத் தேடிப் போனதைத்தான் பிரேம்குமாரால் தாங்க முடியவில்லை. நிதானமாகச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானை மாட்டிக்கொண்டு, “ஆட்டோவுல இருக்கேன்” என்று எழுந்து போனான்.

டாக்டர் வீட்டுக்குள் வந்துவிட்டு சும்மா திரும்பிப் போக நம் ஊரில் யாரும் விடமாட்டார்கள், அவர் சொன்னதை நம்பாவிட்டாலும் சரி. “வந்ததே வந்துட்டே, எனக்கும் இடுப்புல ஒரு அரிப்பு, பாத்துட்டுப் போயிடு” என்று பூவம்மாள் லோயிஸை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

ஆட்டோ அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தது. இடுப்பு அரிப்பு பிரேம்குமாருக்குப் புதுச் செய்தியில்லை. ஏழு வருஷம் தோல் ஓ.பி. பெஞ்சைத் தேய்த்தவன், புடவைக் கொசுவத்துக்குள் கை போகிற விதத்தை வைத்தே என்னவென்று சொல்லிவிடுவான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கின டியூப் ஒன்றைப் பூவம்மாள் மாசக்கணக்காகத் தடவிக்கொண்டிருந்தாள். போட்டால் அடங்கும், விட்டால் இன்னும் பெரிதாகக் கிளம்பும். படர்தாமரை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான், இடுப்பும் தெரியாது போலிருக்கிறது.

உள்ளே லோயிஸ் என்ன சொன்னாள் என்பது தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. பூவம்மாள் அந்த ஊர்ப் பழக்கப்படி அதற்கும் மேலே குரலை ஏற்றிக் கேட்டாள். அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தெருவில் அத்தனை தறியும் ஒரே அடியாக நின்றது. அந்த அமைதியில் பூவம்மாளின் குரல் மட்டும் தெருக்கோடி வரை போயிற்று.

“என்னாது, ஒட்டிக்குமா? புள்ளைக்கும் வந்துடுமா?”

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளின் தலை சட்டென்று வெளியே வந்தது. ஊர்ச் செய்தியைத் தபால்காரனுக்கு முன்னால் சேர்ப்பிக்கிற தலை அது. “என்னா பூவம்மா? என்னா ஒட்டிக்கும்? யாருக்கு என்னா?”

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பூவம்மாளின் முகம் ஒரு கணம் தெரிந்தது. அந்த முகத்தைப் பிரேம்குமார் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரிந்த முகம். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்துபோகும்போதெல்லாம் அவனுக்கு இருக்கிற முகம்.

ஒரு வார்த்தை போதும். ‘அத்தைக்குத்தான் பெரியம்மா, இடுப்புல படர்தாமரை’ என்று சொன்னால், ஐம்பது பேப்பர் கப்புக்கும் ஒரே தவணையில் பதில் ஆகிவிடும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனுக்கு ஆசையாகவும் இருந்தது.

“என்னுதுதான் பெரியம்மா” என்றான். “என் தோலைப் பத்தித்தான் டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கினு இருக்காங்க.”

“அதான பாத்தேன். ஒட்டிக்குமாமா? பாவம், எட்டவே இரு நைனா” என்று கோவிந்தம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். இனி அந்தச் செய்தி சோளிங்கர் தாண்டித்தான் நிற்கும்.

திரும்பி வரும்போது பூவம்மாளுக்கு என்ன என்று லோயிஸும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லண்ணா, நல்லாப் பாத்துட்டேன்” என்று மட்டும் சொன்னாள். கடைசியில், “என்னைத் திட்டுங்கண்ணா” என்றாள்.

“எதுக்கு மேடம்? தியரில நூத்துக்கு நூறு. பிராக்டிகல்லதான் போயிடுச்சு.”

“பயமே இல்லண்ணா. கை தானா போயிடுச்சு.”

“வாய் படிச்ச மாதிரி கையும் படிக்கணும் மேடம். அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல போல.”

கிண்டலாகத்தான் சொன்னான். அவளோ அதை அப்படியே தமயந்தி மேடத்திடம் போய் ஒப்பித்துவிட்டாள். அடுத்த வாரம் புது மாணவர்கள் முப்பது பேர் நடுவில் பிரேம்குமாரை உட்காரவைத்தார்கள். லோயிஸ் முன்னால் வந்து நின்று, தான் செய்ததைப் பூசி மெழுகாமல் சொன்னாள். பிறகு மேடம் சொன்னார்: “ஒரு நோயாளிகிட்டயிருந்து இன்னொருத்தர்கிட்ட போகும்போது எல்லாரும் கை கழுவணும், அது சட்டம். ஆனா பயத்துல கழுவாதீங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது, பார்க்கிறவனுக்குத் தெரியும். இன்னிக்கு நோயைப் பத்திப் பேச்சே வேண்டாம். ஒவ்வொருத்தரா இவர் கையைப் பிடிச்சு ஒரு நிமிஷம் பேசுங்க.”

முப்பது பேருக்கும் பேச விஷயமே அகப்படவில்லை. ஒருவன் அவன் முழங்கையைக் கண்ணாடி டம்ளர் மாதிரி பிடித்துக்கொண்டு, “அண்ணா, ஆட்டோ என்ன மைலேஜ் கொடுக்குது?” என்றான். அடுத்தவளும் அதையே கேட்டாள். பன்னிரண்டாவது ஆளுக்குள் வகுப்பே சிரித்துவிட்டது, கைகளும் தளர்ந்துவிட்டன. ஒரு பெண் பிடித்த கையை மறந்துபோய், தன் ஊர் பஸ் கதையை மூன்று நிமிஷம் சொன்னாள். அன்று ரயிலில் வரும்போது பிரேம்குமாருக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. இந்தப் பிள்ளைகள் நாளைக்கு நன்றாகத்தான் வருவார்கள். ஆனால் அபியின் மொட்டை நாளைக்கு இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மலை மேல் முடி எடுக்கிற மண்டபத்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். பிரேம்குமார் சீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றான். முழுக்கைச் சட்டை, பொத்தான் பத்திரம். ஸ்ரீதர் புது வேட்டியில், பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவன் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு தடவைகூட அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

பூவம்மாள் எல்லோருக்கும் பின்னால், பிள்ளையைத் தூக்காமல் தள்ளி நின்றாள். மூன்று வாரமாக அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. கல்பனா கேட்டதற்கு முட்டி வலி என்று சொல்லியிருந்தாள். அபி அவளைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. அவள் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோவிந்தம்மாளால் சும்மா இருக்க முடியுமா? “நல்ல வேலை பண்ணே பூவம்மா” என்றாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. “டாக்டரம்மாவே ஒட்டிக்கும்னு சொல்லிட்டாங்களாமே. ஸ்ரீதரு மடிதான் பத்திரம்.”

இருபது தலைகளும் பிரேம்குமார் பக்கம் திரும்பின. அவன் தட்டில் இருந்த கொலுசைச் சரி செய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

பூவம்மாள் கோவிந்தம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இங்கே தறி இல்லை என்பதையே மறந்தவளாக, அம்மையார்குப்பத்துக் குரலில் சொன்னாள்:

“அது என்னுது.”

“என்னா உன்னுது?”

“ஒட்டிக்கும்னு டாக்டரு சொன்னது என்னுது. எனக்கு இடுப்புல படர்தாமரை. மூணு மாசமா அந்த இடுப்புலதான் புள்ளைய வெச்சிக்கினு திரிஞ்சேன். அவனுக்கு இருக்கறது ஒட்டாது. அன்னிக்கு நீ கேட்டப்ப, இந்தப் புள்ள எனக்காக அதைத் தன் தலை மேல போட்டுக்கினான். நான் ஜன்னலுக்குப் பின்னால நின்னு, போட்டுக்கட்டும்னு வுட்டுட்டேன்.” அவள் குரல் உடைந்தது. “மூணு வாரமா என் பேத்தியைத் தொடாம இருக்கேன். மூணு வாரத்துக்கே எனக்குச் சோறு எறங்கல. இவனுக்கு நான் இத்தனை வருஷமா பேப்பர் கப்புல தண்ணி குடுத்துக்கினு இருந்தேன்.”

கோவிந்தம்மாளுக்கே வாய் மூடிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தன்னை அறியாமல் அவள் பூவம்மாளை விட்டு ஓரடி நகர்ந்தாள்.

“நவுரு, நவுரு” என்றாள் பூவம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “இடுப்பைக் கட்டிக்கினாதான் வரும், பக்கத்துல நின்னா வராது. மருந்து போட்டுக்கினு இருக்கேன், இன்னும் ஒரு வாரந்தான். ஏய் ஸ்ரீதரு, எழுந்திரு.”

ஸ்ரீதர் அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான். பிரேம்குமார் அசையவில்லை. பாவா கந்தன் வந்து தட்டை வாங்கிக்கொண்டு அவனை முதுகில் தள்ளினான்.

அவன் உட்கார்ந்ததும் பூவம்மாள் எதிரில் குனிந்தாள். அவன் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினாள். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். அவள் விரல்கள் அந்தப் பட்டைகளின் மேல் பட்டன, எடுக்கவில்லை. சுருட்டி முடித்தும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன.

“முடி எல்லாம் சட்டைக்குள்ள பூந்துடும்” என்றாள். “நல்லா புடிச்சுக்கோ நைனா. என்னால தூக்க முடியாது, நீதான் தூக்கணும்.”

கல்பனா அபியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். டவல் இல்லை. பிள்ளையின் தொடைச் சூடு வேட்டியைத் தாண்டித் தெரிந்தது. இவ்வளவு சூடாகவா இருக்கும் என்று பிரேம்குமார் திகைத்தான். பதினோரு மாசத்தில் அது அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. முடி எடுப்பவர் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் பிள்ளை வீறிட்டு, பிடி கிடைக்காமல் அவன் முழங்கையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டது. ஈர முடி அவன் கையில் கொத்துக் கொத்தாக விழுந்தது.

“மாமா, ஆடாம உக்காருங்க” என்றார் முடி எடுப்பவர்.

“புள்ளதாங்க ஆடுது.”

“புள்ள சரியாத்தான் இருக்குது. நீங்கதான் குலுங்கறீங்க.”

அழுகிறான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பாதி மொட்டையில் அபி திடீரென்று அழுகையை நிறுத்தி, ஆழ்ந்த யோசனையில் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டது. பிரேம்குமாரின் புது வேட்டியை நனைத்துக்கொண்டு மூத்திரம் சூடாகக் கீழே இறங்கியது. கல்பனா, “ஐயோ, குட்றா இங்க” என்று பதறிக் கையை நீட்டினாள்.

“நீ போக்கா” என்றான் பிரேம்குமார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இன்னும் பாதித் தலை இருக்கு.”